தோய்க்காமல் போட்ட சேட்டு

பிள்ளையள், நேற்றுப் பின்னேரம் பயிற்சி முடிந்து வந்த அக்கா வாத்துப் போலக் காலை அகட்டி அகட்டி நடந்ததைக் கண்டு, "தாரா வருது, வழிவிடுங்கோ" என்று தம்பி சிரித்தான். அக்கா அவனுக்குச் செருப்பால் எறிந்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உங்கள் அம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "துடை ரெண்டும் உரஞ்சிப்போச்சு, தோலே இல்லை" என்றாள். நான் அலுமாரியைத் திறந்து வசிலீன் எடுத்துக் கொடுத்தேன். அக்கா கதவிடுக்கால் கையை நீட்டி, "அப்பா, அந்த மஞ்சள் ரின்னிலை கிடக்கிறதைத் தாங்கோவன். அதுதான் திறம் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்" என்று கேட்டாள்.

அந்தத் தகரப் பேணியை நான் தரவில்லை. அது வேறொருவருக்கு என்றேன். ஆருக்கு என்று இரண்டு பேரும் கேட்டீர்கள். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் இந்தக் கொப்பியில் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட மேசன். எழுத்துப் பிழை கிடந்தால் திருத்தி வாசியுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

அக்காவுக்குத் தேவையானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தோல் உரஞ்சுவது ஓட்டத்தால் அல்ல, உப்பால். வேர்வை காயும்போது உப்பு மட்டும் மிஞ்சி, துணியிலும் தோலிலும் பொடி மணல் போல ஒட்டிக்கொள்ளும். பூசின சுவரை நான் மணல் ஒட்டின மட்டத்தாள் போட்டுத் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே. ஒரு தரம் தேய்த்தால் ஒன்றும் இல்லை. பத்தாயிரம் தரம் தேய்த்தால் சீமெந்தே கரையும். இருபது கிலோமீற்றர் ஓடுகிறவனின் தொடை எத்தனை தரம் உரஞ்சும் என்று கணக்குப் பார். ஆகவே வெளிக்கிட முன்னமே பூச வேண்டும், எரிகிற போது அல்ல. தொடையின் உட்பக்கம், கக்கம், மார்பு, இடுப்புப் பட்டி நிற்கும் இடம், கால் விரலிடுக்கு. பவுடர் போடாதே. நானும் போட்டுப் பார்த்தவன்தான். வேர்வையில் அது களியாகிப் பிறகு காய்ந்து கல்லாகும். தலையில் தண்ணீர் ஊற்றினால் குனிந்து ஊற்று, உடம்பால் வழிய விடாதே. தையல் தடிப்பாக இருந்தால் சேட்டை உட்புறம் வெளியே வரத் திருப்பிப் போடு, சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இவை எல்லாவற்றையும்விட ஒன்று: புதுச் சேட்டைத் தோய்க்காமல் போட்டு ஓடாதே.

அந்த ஒன்றை நான் செய்ததால்தான் ஒரு தாய்க்கு அவருடைய பிள்ளை செத்துப்போனான்.

எனக்குச் சீனி வருத்தம் தொடங்கியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்ன வருசம் நான் ஓடத் தொடங்கினேன். நீங்கள் அப்போது சின்னன்கள். முதலில் எங்கள் சண்டிலிப்பாய் ஒழுங்கைகளுக்குள் ஓடினேன். நாய்களும் விடவில்லை, சனமும் விடவில்லை. பிறகு கால் பழகியது. ஞாயிற்றுக்கிழமைகளில் விடிய முன் வெளிக்கிட்டு, பொன்னாலைக்குப் போய், அங்கிருந்து கடற்கரை ரோட்டால் மாதகல் வரை ஓடி, பண்டத்தரிப்பால் திரும்பி வீட்டுக்கு வருவேன்.

அந்தக் கடற்கரை ரோட்டை மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்குத் தெரியாது. காலால் போகிறவனுக்குத்தான் தெரியும். ஒரு பக்கம் கடல். அந்தக் கடலுக்கு அலை இல்லை. முருகைக் கல்லுக்கு மேலே, யாரோ ஊற்றி வைத்துவிட்டுப் போனது போலத் தண்ணீர் சும்மா கிடக்கும். மற்றப் பக்கம் பற்றையும் பனை வடலியும், இடையிடையே கூரை இல்லாத வீடுகளும். வெயில் ஏறினால் ரோட்டும் வெள்ளை, கடலும் வெள்ளை. எங்கே பார்த்தாலும் கண் கூசும். ஒரு ஆளைக் காண முடியாது. சுவர் மட்டும் நிற்கிற வீடுகளைக் கடக்கும்போது என் காலடிச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். ஒரு அடி பிந்தித்தான் வரும். நான் நின்றால் அதுவும் நிற்கும். ஆனால் இன்னும் ஒரு அடி வைத்துவிட்டுத்தான் நிற்கும். அது சுவரின் வேலை என்று மேசனான எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த இடத்தில் நான் நிற்பதில்லை.

அந்த வரிசையில் ஒரு வீட்டுக்கு மட்டும் கூரை இருந்தது. தகரக் கூரை. முற்றத்தில் இரண்டு பூவரச மரங்களுக்கு நடுவே ஒரு கொடி. கொடியில் ஒரேயொரு சேட்டு. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நிறம் நிறமாகத் தைப்பார்களே, அப்படி ஒரு நீலச் சேட்டு. நாங்கள் காயப்போட்டால் சேட்டைத் தலைகீழாகப் போட்டுக் கையைத் தொங்கவிடுவோம். அது அப்படி இல்லை. இரண்டு தோளிலும் கிளிப் போட்டு, கழுத்து வரை தெறி எல்லாம் பூட்டி, ரோட்டைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. கடற்காற்று உள்ளே புகுந்தால் நெஞ்சு ஏறும். காற்று விட்டால் இறங்கும்.

ஞாயிறுக்கு ஞாயிறு அது அங்கே நின்றது. மாரியிலும் நின்றது. வேறு ஒரு சீலையோ துவாயோ அந்தக் கொடியில் நான் கண்டதில்லை. வீட்டில் ஆளையும் கண்டதில்லை. அந்த நேரம் தூரத்தில் வேதக்கோயில் பூசை மணி கேட்கும், சனமெல்லாம் அங்கே போயிருக்கும். ஒன்று மட்டும் கவனித்தேன். அந்த வீட்டடியில் எனக்குப் பின்னால் வருகிற காலடிச் சத்தம் நின்றுவிடும். நான் தாண்டிப் போய் அடுத்த வீட்டை நெருங்கினால் மறுபடி தொடங்கும். ரோட்டோரம் சுவர் இல்லாததால்தான் அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

மாதகல் சந்தியில் மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளோடு ஒருவர் நிற்பார். எனக்குத் தண்ணீர் தருவார். ஒவ்வொரு கிழமையும் ஒரே பகிடிதான்.

"என்ன மேசன், இண்டைக்கும் ஆரோ துரத்துறாங்கள் போலை?"

"சீனி துரத்துது, அண்ணை."

"அப்ப நல்லா ஓடுங்கோ. அது சைக்கிளிலை வாறது."

அவரிடம்தான் அந்தச் சேட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மீன் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"அது அந்த அம்மான்ரை மகன்ரை சேட்டு. பொடியன் நல்ல ஓட்டக்காரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய ஓடப் போனவன். போனவன் போனவன்தான். ரோட்டிலை நடக்கவே சனம் யோசிச்ச சண்டைக் காலம். அவன் ஓடினான்."

"செத்திட்டாரோ?"

"உந்தச் சொல்லை அவவுக்கு முன்னாலை எடுத்துப்போடாதையுங்கோ. எத்தினை பங்குச் சுவாமிமார் மாறி மாறிக் கேட்டுப் பாத்திட்டினம், ஆத்துமாவுக்கு ஒரு பூசை குடுப்பம் எண்டு. உயிரோடை கிடக்கிற பிள்ளைக்கு என்னத்துக்குப் பூசை எண்டு திருப்பிக் கேப்பா. சனிக்கிழமை தோய்ப்பா. ஞாயிறு ரோட்டைப் பாத்துக் காயப்போடுவா. பிள்ளை ஓடி வந்தால் போட உடுப்பு வேணுமாம்."

அதற்குப் பிறகு அந்த வீட்டைக் கடக்கும்போது நான் கொஞ்சம் மெதுவாக ஓடுவேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

புரட்டாசிக் கடைசியில் மழை தொடங்கிய நேரம், எங்கள் விளையாட்டுக் கழகம் ஓடுகிறவர்களுக்கு வெள்ளை ரீசேட்டு அடித்துத் தந்தது. நெஞ்சில் தடித்த மையில் கழகத்தின் சின்னம். தொட்டால் மட்டை போல இருந்தது. நானும் ஒரு ஓட்டக்காரன் என்று முதல் தரம் ஒரு துணி சொன்னது, எனக்குப் பெருமை. கோடி உடுப்பை நாங்கள் தோய்த்துப் போடுவதில்லையே. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் செய்வது போல உங்கள் அம்மா அதைச் சாமிப் படத்தடியில் வைத்து, கழுத்தடியில் மஞ்சள் தொட்டுத் தந்தாள். செத்த வீட்டில் போர்த்துவதும் கோடிதான். அது எனக்கு அன்று நினைவில் வரவில்லை.

அதைப் போட்டுக்கொண்டு ஓடிய அந்த ஞாயிறு, பொன்னாலையில் தூறல் பிடித்தது. சேட்டு நனைந்து, பிறகு காற்றில் காய்ந்து, பிறகு வேர்வையில் நனைந்தது. நெஞ்சில் இரண்டு பக்கமும் எறும்பு கடிப்பது போல எரிந்தது. கடற்கரை ரோட்டில் ஏறிய பிறகு அந்த எரிவு நின்றுவிட்டது. நான் சந்தோசப்பட்டேன். பிள்ளைகள், இதை நினைவில் வைத்திருங்கள். நோவு நின்றால் காயம் ஆறிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

எதிரே சைக்கிளில் வந்த ஒரு கிழவர் என்னைக் கண்டதும் இறங்கி, சைக்கிளைப் பற்றைக்குள் சரித்துவிட்டு ஓரமாக நின்றார். தலையாட்டினேன், அவர் ஆட்டவில்லை. இன்னும் கொஞ்சத் தூரத்தில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண், கட்டியிருந்த விறகைக் கீழே போட்டார். கத்தவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குப் பின்னால் ஏதோ வருகிறது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். ரோட்டு வெறுமையாகக் கிடந்தது.

அந்த வீட்டுப் படலை அன்று திறந்திருந்தது. கொடியில் சேட்டு நின்றது. அதற்குப் பக்கத்தில் ஒரு உயரமான மனுசி, நரைத்த தலை, கையில் உடுப்புக் கிளிப் ஒன்று. என்னைக் கண்டதும் அவர் நடந்து ரோட்டுக்கே வந்துவிட்டார். நான் நின்றேன். எனக்குப் பின்னால் வந்த காலடிச் சத்தமும் நின்றது.

"வந்திட்டியா?" என்றார். கடைக்குப் போய் வந்த ஆளைக் கேட்பது போலத்தான் கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் இரண்டு உள்ளங்கைகளையும் என் நெஞ்சில் வைத்தார். கை குளிர்ந்து கிடந்தது.

"உந்தக் காயத்தோடையோ இவ்வளவு காலமும் ஓடித் திரிஞ்சனீ?"

அவர் கையை எடுத்துப் பார்த்தார். அப்போதுதான் நானும் குனிந்து பார்த்தேன். வெள்ளைச் சேட்டில் மார்பின் இரண்டு பக்கமும் இரண்டு சிவப்பு. இடுப்புப் பட்டி வரை வழிந்திருந்தது. மழைத் தண்ணீர் பட்டு விளிம்புகள் ஊறிப் பெரிதாகியிருந்தன. உண்மையைச் சொல்கிறேன், என்னைச் சுட்டுவிட்டார்கள் என்று ஒரு கணம் நானே நினைத்தேன்.

தாயார் அந்த விரலால் தன் நெற்றியில் குருசு போட்டார். "சேசுவே" என்று ஒரு சொல். பிறகு என்னைப் பார்த்து, "சரி. இனி நீ போ, ராசா. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். திரும்பிப் போய், கொடியில் நின்ற சேட்டின் கிளிப் இரண்டையும் கழற்றி, சேட்டை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்துப்பட்டது.

"அம்மா, நான் சண்டிலிப்பாய் மேசன். துணி உரஞ்சின காயம்" என்று கூப்பிட்டிருக்கலாம். வாய் காய்ந்திருந்தது என்று சொன்னால் பொய். எனக்குப் பயம். செத்த ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்த ஒருவரிடம், நான் உயிரோடு நிற்கிறேன் என்று சொல்ல அந்த நேரம் எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. நான் ஓடினேன். சந்தியில் அன்று மீன்காரர் இல்லை.

காயம் ஆற அடுத்த ஞாயிறு ஓடவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு, நன்றாகத் தோய்த்த பழைய சேட்டோடு போனேன். கொடி வெறுமை. இரண்டு கிளிப் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. எப்போதும் அந்த வீட்டடியில் நிற்கிற காலடிச் சத்தம் அன்று நிற்கவில்லை. நான் வேகமாக ஓட அதுவும் வேகமாக வந்தது. சந்தி வரை வந்தது.

மீன்காரர் என்னைக் கண்டதும், "மேசன், கேள்விப்பட்டனீங்களே? அந்த அம்மா கடைசியாய் ஒத்துக்கொண்டிட்டா" என்றார்.

"என்னத்தை?"

"மகன் செத்துப்போனான் எண்டதை. அவனே வந்து காட்டிப்போட்டுப் போனவனாம். பட்டப் பகலிலை, வெள்ளை உடுப்போடை, நெஞ்சிலை ரெண்டு துவக்குச் சூடு. கண்டது அவ மட்டுமில்லை. விறகுக்குப் போன பிள்ளையும் கண்டதாம், சைக்கிளிலை போன கிழவனும் கண்டவராம். கிழவனுக்கு இப்பவும் காய்ச்சல். வாற ஆத்துமாக்களின்ரை நாளிலை, செத்தவைக்கு மெழுகுதிரி கொளுத்துற அண்டைக்கு, பூசை. சேமக்காலையிலை கல்லறைக் குருசும் நடப் போறா. பேர் பொறிக்கக் குடுத்தாச்சு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, பேய்க்குப் பயமோ? பயப்பிடாதையுங்கோ, ஓடுற ஆக்களை அது ஒண்டும் செய்யாது. அதின்ரை சாதிதானே" என்று சிரித்தார்.

தண்ணீர்ப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரவு உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

"சொல்லப் போகாதையுங்கோ" என்றாள். "எத்தினை வரியத்துக்குப் பிறகு அந்த மனிசி அழுதிருக்கும். அழுது முடிக்கட்டும்."

"அது பொய்யப்பா. என்ரை நெஞ்சு உரஞ்சின ரத்தத்துக்கு ஒருத்தன்ரை உயிரை முடிக்கலாமே?"

"இருந்தால் இவ்வளவு காலத்துக்கு வந்திருக்க மாட்டானே?"

"வராட்டில் வராட்டும். ஆனா நான் போனது அவன் வந்ததாய் இருக்கக் கூடாது."

"நீங்கள் உங்கடை மனம் ஆறச் சொல்லப் போறியளோ, அவவுக்காகச் சொல்லப் போறியளோ? அதை முதல் யோசியுங்கோ."

அதை இன்றைக்கும் யோசிக்கிறேன். ஆனால் சீமெந்தில் பேர் பொறிப்பது எனக்குத் தெரிந்த வேலை. ஈரமாக இருக்கும்போது அழிக்கலாம். காய்ந்தால் உடைக்கத்தான் வேண்டும். அந்தக் கிழமை நான் கட்டிய சுவர் ஒன்றும் தூக்குக் குண்டுக்கு நேராக நிற்கவில்லை.

பூசைக்கு முதல் நாள் பின்னேரம் சைக்கிளில் போனேன். மழை விட்டிருந்தது. தாயார் குசினி வாசலில் இருந்து சுளகில் எதையோ கொழித்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். எரிந்து மிஞ்சின மெழுகுதிரித் துண்டுகள். ஒவ்வொன்றிலும் சேமக்காலை மணல் ஒட்டியிருந்தது. அடுப்பில் சட்டிக்குள் மெழுகு உருகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பெரிய திரி ஒன்று முறுக்கி வைத்திருந்தது.

"அம்மா, நான் சண்டிலிப்பாய் மேசன்."

"குருசுக்கு ஆள் பிடிச்சாச்சு, தம்பி."

"வேலைக்கு வரேல்லை. அண்டைக்கு ரோட்டாலை ஓடி வந்தது நான்."

சுளகு நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆர் உன்னை அனுப்பினது?"

"ஒருத்தரும் இல்லை. கோடிச் சேட்டு, அம்மா. துணி உரஞ்சினது. சுட்ட காயம் இல்லை."

"காட்டு."

நான் தெறிகளைக் கழற்றினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். காய்ந்து கறுத்த இரண்டு பொருக்கையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அன்றைக்குப் போலவே கை குளிர்ந்து கிடந்தது.

"தோய்க்கேல்லையோ?"

"இல்லை."

"எண்ணெய் ஏதும்?"

"பூசேல்லை."

"விசரா" என்று என் தோளில் அடித்தார். "விசரா, விசரா. எண்ணெய் பூசாமல் ஆரடா உவ்வளவு தூரம் ஓடுறது?" மூன்றாவது அடி விழுந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார்.

உள்ளே போய் அந்த நீலச் சேட்டை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார். மார்பில் இரண்டு இடத்தில் நீலம் கொஞ்சம் மங்கிக் கிடந்தது. வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். "இஞ்சை பார். அவனுக்கும் உதே இடம். கடைசியாய் ஓடின போட்டியிலை உப்பிடித்தான் வந்து நிண்டவன். அப்ப கடையளிலை ஒண்டும் இல்லாத காலம். எண்ணெயை மட்டும் பூசினால் அரை வழியிலை வடிஞ்சு போகுது. சேமக்காலையிலை மற்றவை கொளுத்தி மிஞ்சின மெழுகைப் பொறுக்கிக்கொண்டு வந்து, எண்ணெயோடை காய்ச்சிக் குடுத்தனான். முதல் தரம் பூசிக்கொண்டு போன அண்டைக்குத்தான்..."

சேட்டை மறுபடி மடிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வருசமும் ஆத்துமாக்களின் நாளுக்கு அடுத்த விடிய அவர் போய்த் துண்டு மெழுகு பொறுக்கியிருக்கிறார். பிள்ளைக்கு மெழுகுதிரி கொளுத்த ஒரு கல்லறை இல்லாதவர், மற்றப் பிள்ளைகளின் கல்லறையில் மிஞ்சியதை எடுத்து, வந்தால் ஓடுவான்தானே என்று காய்ச்சி வைத்திருக்கிறார். அந்த வருசம் மட்டும், முந்தின வருசம் பொறுக்கி வைத்த மெழுகை மகனுக்கு ஒரு மெழுகுதிரியாக வார்க்க அடுப்பில் ஏற்றியிருந்தார். நான் வந்து நின்றது அந்த நேரம்.

"அப்ப அவன் வரேல்லை" என்றார்.

"இல்லை, அம்மா."

அவர் சட்டியைப் பார்த்தார். பிறகு முறுக்கி வைத்த திரியை எடுத்து அப்பால் எறிந்தார். தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துச் சட்டிக்குள் ஊற்றி அகப்பையால் கிண்டத் தொடங்கினார்.

"அப்ப இனித்தான் வர வேணும்."

குருசுக்குச் சொன்னதை நிறுத்தச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார். பேரின் முதல் இரண்டு எழுத்தும் பொறித்தாகிவிட்டது. அந்த மேசன் என்னைத் தூசணத்தால் பேசினான். ஈரம் காயாததால் நானே அதை மட்டப்பலகையால் இழுத்து அழித்தேன். போகும்போது தாயார் ஒரு மஞ்சள் ரின்னில் அந்தப் பூச்சை நிரப்பித் தந்தார். எங்கெங்கே பூச வேண்டும் என்று தன் உடம்பில் தொட்டுக் காட்டினார். நான் அக்காவுக்கு மேலே எழுதியது அவர் சொன்னதுதான். கடைசியாக, "வழிச்சு எடுத்துப்போடாதை. அடியிலை கொஞ்சம் விடு. அவன் உன்னோடைதான் ஓடி வந்தாலும் வருவான்" என்றார்.

அக்கா, இப்போது விளங்குகிறதா? அந்த ரின்னின் அடி உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

அடுத்த ஞாயிறு சேட்டு மறுபடி கொடியில் நின்றது. காலடிச் சத்தமும் பழையபடி அந்த வீட்டடியில் நின்றது. அதற்குப் பிறகு நான் போகிற நேரம் தாயார் படலையில் நிற்பார், ரின் குறைந்தால் நிரப்பித் தருவார். "பூசினனீயோ?" "ஓம், அம்மா." "சேட்டு தோய்ச்சதோ?" "ஓம்." அவ்வளவுதான் கதை. ஒரே ஒரு நாள், வெயில் ஏறிய நேரம், நான் போகும்போது அவர் எனக்கு முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு முன்னாலை ஒருத்தன் போறான். கண்டனீயே?"

நான் பார்த்தேன். ரோட்டு நேராகக் கிடந்தது, வெள்ளையாக.

"காணேல்லை, அம்மா."

"கெதியாய் ஓடுறான். உன்னாலை பிடிக்கேலாது" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அன்று மட்டும்தான்.

இந்த வருசம் பங்குனியில் அவர் காலமானார். நான் சேமக்காலைக்குப் போய் மதிலோரம் நின்றேன். தூரத்துச் சொந்தக்காரர் வந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். அவர் அழுது முடிக்கவிருந்ததை நான் கெடுத்தேனோ, அல்லது பொய்யாகச் செத்த ஒரு பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தேனோ, எனக்குத் தெரியாது. உங்கள் அம்மா அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

இதை மட்டும் நான் அவளுக்கும் சொல்லவில்லை. செத்த வீடு முடிந்து மூன்றாவது ஞாயிறு, அந்த ரோட்டால் மறுபடி ஓடினேன். வீட்டைப் பூட்டியவர்கள் கொடியை மறந்துவிட்டார்கள். சேட்டு ஒரு கிளிப்பில் மட்டும், ஒரு தோளில் தொங்கிக்கொண்டு நின்றது. மற்றக் கிளிப் மண்ணில் கிடந்தது. பின்னால் வந்த காலடி நின்றுவிட்டது. நானும் நின்றேன். படலையைத் தள்ளி உள்ளே போனேன். சேட்டு உப்பும் தூசியும் ஏறி மட்டை போல இருந்தது. கிணற்றில் தண்ணீர் அள்ளினேன். தோய்க்கிற கல்லில் வெடித்துப்போன சவர்க்காரத் துண்டு ஒன்று கிடந்தது. நனைத்ததும் அந்தத் துணி கையில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெதுமையாகிவிட்டது. ஒருவரும் போடாமல், தோய்த்துத் தோய்த்தே நைந்த துணி. கல்லில் அடிக்கவில்லை, கையால் கசக்கினேன். பிழிந்து, உதறி, இரண்டு தோளிலும் கிளிப் போட்டு, ரோட்டைப் பார்க்க நிறுத்தினேன். கழுத்தடியில் இருந்து கடைசித் தெறி வரை பூட்டினேன். பிறகு படலையைச் சாத்தாமல் ரோட்டுக்கு ஏறினேன்.